தலைக்கவசத்துக்குள் பாட்டுக் கச்சேரி

கம்பியில்லாமல் பாட்டுக் கேட்கும் கருவி இன்று தலைக்கவசத்துக்குள்ளும் குடியேறிவிட்டது. தலைக்கவசத்தின் உட்புறத்தில் காதுக்கு நேராக ஒட்டப்படும் தட்டையான ஒலிபெருக்கிகள் ஒரு வகை. காதில் செருகிக்கொண்டு அதன்மேல் தலைக்கவசம் அணியும் சிறு குமிழ்கள் இன்னொரு வகை. கழுத்தைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் 'நெக்பேண்ட்' மூன்றாவது வகை. மூன்றும் செய்வது ஒரே வேலைதான். பாக்கெட்டில் இருக்கும் கைபேசியிலிருந்து பாட்டை வாங்கி, வண்டி ஓட்டுபவரின் காதில் சேர்க்கின்றன.

திருப்பூர் மாநகராட்சியின் வடபகுதியிலுள்ள நெருப்பெரிச்சலில், ஷிப்டு மாறும் நேரத்தில் சாலையோரம் சிறிது நேரம் நின்றால் இந்தக் கருவி எவ்வளவு பரவியிருக்கிறது என்பது தெரியும். பனியன் கம்பெனிகளுக்குப் போகிறவர்களும் நிட்டிங் கூடங்களிலிருந்து திரும்புகிறவர்களும் பாட்டோடுதான் போகிறார்கள், பாட்டோடுதான் வருகிறார்கள். "கை இரண்டும் கைப்பிடியில் இருக்கின்றன, கண் சாலையில் இருக்கிறது, காது மட்டும்தானே பாட்டில் இருக்கிறது? இதில் என்ன தவறு?" என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். "கூடாது" என்று அதட்டுவது அதற்குப் பதிலாகாது. கருவியை விற்பவர்கள் தரும் வாக்குறுதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, இயற்பியல் என்னும் உரைகல்லில் உரசிப் பார்ப்போம்.

வாக்குறுதிகள் நான்கு. ஒன்று, கம்பியில்லாத் தொடர்பு அறுபடாது, உடலுக்கும் தீங்கில்லை. இரண்டு, எந்த வேகத்திலும் பாட்டுத் தெளிவாகக் கேட்கும். மூன்று, வெளி இரைச்சலைக் கருவியே நீக்கிவிடும். நான்கு, கைபடாமல் இயங்குவதால் பாதுகாப்பானது.

கம்பியில்லாத் தொடர்பு: முழு மதிப்பெண்

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடுவோம். கைபேசிக்கும் காதுக் கருவிக்கும் இடையே நடக்கும் செய்திப் போக்குவரத்துக்குப் புளூடூத் என்று பெயர். ஸ்வீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் 1994இல் இந்த முயற்சி தொடங்கியது. 10ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு மன்னரின் பட்டப்பெயரே இதற்குச் சூட்டப்பட்டது. 'நீலப்பல்' என்பது அப்பெயரின் பொருள்.

இது பயன்படுத்தும் வானொலி அலையின் அதிர்வெண் ஏறக்குறைய 2.4 ஜிகாஹெர்ட்ஸ். அலைநீளம் சுமார் 12.5 செ.மீ., அதாவது அரைச் சாணுக்குச் சற்று அதிகம். வீட்டு வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. அந்த நெரிசலில் பாட்டு எப்படி அறுபடாமல் வந்து சேர்கிறது? புளூடூத் தனக்குரிய அலைவரிசையை 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு, நொடிக்கு 1,600 முறை தடம் மாறித் தாவுகிறது. ஒரு தடத்தில் இடையூறு நேர்ந்தாலும் அடுத்த தாவலில் தப்பித்துவிடுகிறது. அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் ஒரே ஒழுங்கில் தாவுவதால் குழப்பம் நேர்வதில்லை.

"தலைக்குப் பக்கத்தில் மின்காந்த அலை இருக்கிறதே, மூளைக்கு ஆகாதே" என்று சிலர் அஞ்சுகிறார்கள். இத்தகைய கருவிகளின் ஒலிபரப்புத் திறன் பெரும்பாலும் 2.5 மில்லிவாட் அளவுதான். கைபேசி, தூரத்துக் கோபுரத்தோடு பேசும்போது இதைப்போல் பல மடங்கு திறனைச் செலவிடுகிறது. மேலும், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு ஃபோட்டானுக்கு உள்ள ஆற்றல், ஒரு எலெக்ட்ரான் வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்கு மட்டுமே. மூலக்கூறுகளின் வேதிப் பிணைப்பை உடைக்கச் சில எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஆகவே அந்த அச்சத்துக்கு இடமில்லை. கைபேசியைப் பின் பாக்கெட்டில் வைத்தால் பாட்டு விட்டுவிட்டுக் கேட்பது உண்டு. உடலிலுள்ள நீர் இந்த அலையை உறிஞ்சிக்கொள்வதே அதற்குக் காரணம். மேல் பாக்கெட்டுக்கு மாற்றினால் தீர்ந்தது.

முதல் வாக்குறுதி தேறிவிட்டது. ஆனால் மக்கள் அஞ்ச வேண்டியது இந்தக் கண்ணுக்குத் தெரியாத அலையை அன்று. காதுக்குத் தெரிந்த அலையைத்தான்.

காற்று எழுப்பும் கூச்சல்

மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு இரைச்சல் எங்கிருந்து வருகிறது? எஞ்சினிலிருந்து என்றுதான் பலரும் சொல்வார்கள். வேகம் கூடிய பின் அது உண்மையல்ல. காற்றுதான் பெரிய கூச்சல்காரன். தலைக்கவசத்தில் மோதும் காற்று அதன் விளிம்புகளில் பிய்ந்து சுழல்களாக மாறுகிறது. அந்தச் சுழல்களின் அழுத்த ஏற்ற இறக்கங்களே நாம் கேட்கும் இரைச்சல். இங்கிலாந்திலுள்ள பாத் நகர ஆய்வாளர்கள் காற்றுச் சுரங்கத்திலும் சாலையிலும் சோதித்தபோது, தாடைப் பகுதிக்கு அடியில் சுழலும் காற்று இந்த இரைச்சலுக்கு முக்கியமான ஊற்று என்று கண்டார்கள். தலைக்கவசத்தின் ஓடு எவ்வளவு தடிப்பாக இருந்தாலும், திறந்திருக்கும் கீழ்வாய் வழியே ஒலி ஏறிவிடுகிறது.

1990களில் பிரிட்டனில் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களின் காதருகே ஒலிவாங்கி பொருத்தி அளந்தார்கள். மணிக்கு சுமார் 65 கி.மீ. வேகத்தில் இரைச்சல் 90 டெசிபெல்லை எட்டியது. சுமார் 160 கி.மீ. வேகத்தில் 110 டெசிபெல் ஆயிற்று. தலைக்கவசத்துக்குத் தலைக்கவசம் இது வேறுபடும் என்றாலும், இந்த இரண்டு எண்களை வைத்தே மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

டெசிபெல் என்பது மடக்கை அளவு. 10 டெசிபெல் கூடினால் ஒலிச்செறிவு 10 மடங்காகும். 20 டெசிபெல் கூடினால் 100 மடங்காகும். வேகம் 65இலிருந்து 160 ஆகும்போது அது ஏறக்குறைய இரண்டரை மடங்காகிறது. செறிவோ 100 மடங்காகிறது. இரண்டரையை ஐந்து முறை பெருக்கினால் ஏறக்குறைய 100 வரும். ஆக, காற்றின் இரைச்சல் வேகத்தின் ஐந்தாம் படியைப் பொறுத்து உயர்கிறது என்று கொள்ளலாம். வேகம் இரட்டித்தால் செறிவு 32 மடங்கு; டெசிபெல்லில் 15 கூடுதல்.

இந்தக் கணக்கின்படி மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இரைச்சல் ஏறக்குறைய 80 டெசிபெல். 80 கி.மீ. வேகத்தில் ஏறக்குறைய 95 டெசிபெல். நெருப்பெரிச்சலிலிருந்து போயம்பாளையம் வரை போகிறவருக்கு முதல் எண் பொருந்தும். பெருமாநல்லூர் சென்று, 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறிக் கோவைக்கு விரைகிறவருக்கு இரண்டாவது எண் பொருந்தும். "எந்த வேகத்திலும் தெளிவாகக் கேட்கும்" என்ற இரண்டாவது வாக்குறுதியை இங்கேதான் சோதிக்க வேண்டும்.

தெளிவுக்குக் கொடுக்கும் விலை

95 டெசிபெல் இரைச்சலுக்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டுமானால் என்ன செய்வோம்? ஒலியைக் கூட்டுவோம். இரைச்சலில் பேசுகிறவர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் லோம்பார்டு 1911இல் விளக்கினார். வண்டியில் போகும்போது குரலுக்குப் பதிலாகப் பொத்தானை உயர்த்துகிறோம்; வேறுபாடு அவ்வளவுதான். சில கருவிகள் வேகத்துக்கு ஏற்பத் தாமாகவே ஒலியைக் கூட்டிக்கொள்கின்றன. இதை ஒரு சிறப்பு வசதியாக விளம்பரப்படுத்துகிறார்கள்!

பாட்டை 98 டெசிபெல்லுக்கு ஏற்றிக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். 95உம் 98உம் சேர்ந்தால் 193 ஆகாது. செறிவுகளைக் கூட்டி மீண்டும் மடக்கை எடுத்தால் ஏறக்குறைய 100 டெசிபெல் வரும். இது காதுக்கு எவ்வளவு நேரம் தாங்கும்?

அமெரிக்கத் தேசியத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஓர் எளிய அளவுகோலைப் பரிந்துரைக்கிறது. 85 டெசிபெல் என்றால் நாளொன்றுக்கு 8 மணி நேரம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 3 டெசிபெல் கூடினால் செறிவு இரட்டிக்கிறது அல்லவா? அதனால்தான் நேரம் பாதியாகிறது. இந்த வாய்ப்பாட்டின்படி:

85 டெசிபெல்: 8 மணி
88 டெசிபெல்: 4 மணி
91 டெசிபெல்: 2 மணி
94 டெசிபெல்: 1 மணி
97 டெசிபெல்: 30 நிமிடம்
100 டெசிபெல்: 15 நிமிடம்

பாட்டில்லாமல் காற்றோடு மட்டும் 80 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு ஏறக்குறைய 48 நிமிடம் கிடைக்கிறது. அதுவே தாராளமானதன்று. பாட்டையும் சேர்த்துக்கொண்டவருக்கு 15 நிமிடந்தான். அதற்குள் அவர் கடந்திருப்பது 20 கி.மீ. கோவையை எட்டும் முன்பே அன்றைய நாளுக்குரிய ஒலியின் அளவு தீர்ந்து கடனில் ஓடுகிறது.

திருப்பூர் வட்டாரத்தில் இந்தக் கடன் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே தொடங்குவதில்லை. வேலை செய்யும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. பல்லடம், சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் இரைச்சல் 90 டெசிபெல்லைத் தாண்டுவது சாதாரணம். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 8 மணி வேலைக்கு 90 டெசிபெல் வரை இடம் தருகின்றன. மேலே சொன்ன அளவுகோலைவிட இது 5 டெசிபெல் அதிகம். பனியன் கம்பெனியில் தையல் மிஷின்களின் ஒலிக்குமேல் கேட்கவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சத்தமாகப் பாட்டு வைப்பதும் உண்டு. இப்படி எட்டு மணி, பன்னிரண்டு மணி நேரம் உழைத்த காதுக்கு வேலை முடிந்ததும் தேவை ஓய்வு. வீடு திரும்பும் அரை மணி நேரம் அந்த ஓய்வின் தொடக்கமாக இருக்க வேண்டும். அதை மூன்றாவது ஷிப்டு ஆக்கிவிடுகிறது தலைக்கவசக் கச்சேரி.

உட்காதில் உள்ள நுண்மயிர்ச் செல்கள் மனிதருக்கு ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சலால் முதலில் பழுதாவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்களைக் கேட்கும் பகுதி. உயிரெழுத்துகளின் வலிமை தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. வல்லின மெய்களை வேறுபடுத்திக் காட்டும் நுட்பமான ஒலிகளோ பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கின்றன. எனவே காது மந்தமாகத் தொடங்கியவருக்குப் பேச்சு கேட்கும். ஆனால் கடை, தடை, படை, சடை எல்லாம் ஒன்றுபோல் ஒலிக்கும். "எல்லாரும் முணுமுணுவென்று பேசுகிறார்கள்" என்று அவர் மற்றவர்களைக் குறை சொல்வார். வலியோ இரத்தமோ இல்லாமல் நேர்வதால், நேர்ந்தது தெரியவே பல ஆண்டுகள் ஆகும்.

இரைச்சலை நீக்கும் வித்தை

"எங்கள் கருவி இரைச்சலையே நீக்கிவிடும், ஒலியைக் கூட்டவே வேண்டாம்" என்பது மூன்றாவது வாக்குறுதி. தத்துவம் உண்மையானது. ஓர் அலையின் முகடு வரும் இடத்தில் இன்னோர் அலையின் பள்ளத்தை அனுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஜெர்மானியரான பவுல் லூக் 1930களிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ், 1978இல் விமானப் பயணம் ஒன்றின்போது இந்தச் சிக்கலில் ஈடுபட்டு, பின்னர் விமானிகளுக்கான காதுக் கருவிகளை உருவாக்கினார்.

விமானத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். விமானத்தின் உள்ளே கேட்பது சீரான ரீங்காரம். அடுத்த கணம் எப்படி இருக்கும் என்று கருவியால் ஊகிக்க முடியும். தலைக்கவசத்தைச் சுற்றிச் சுழலும் காற்று ஒழுங்கற்றது. தலையைத் திருப்பினால் மாறும். லாரி ஒன்று கடந்தால் மாறும். மேலும், இந்த முறை சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலிகளில்தான் நன்றாக வேலை செய்யும். அலைநீளம் குறையக் குறைய முகட்டையும் பள்ளத்தையும் சரியாகப் பொருத்துவது கடினமாகிவிடுகிறது. ஆகவே ஓரளவு குறைக்கும், நீக்காது. குறைந்த அளவுக்குப் பாட்டையும் குறைத்துக்கொள்கிறவருக்கு அது நன்மைதான். மூன்றாவது வாக்குறுதிக்குப் பாதி மதிப்பெண் தரலாம்.

ஹாரன் கேட்குமா?

நான்காவது வாக்குறுதி பாதுகாப்பைப் பற்றியது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, கையில் பிடித்துப் பேசும் கருவியை வண்டி ஓட்டும்போது பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கிறது. "நம் கருவி கையில் பிடிப்பதன்று, ஆகவே தீங்கில்லை" என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். சட்டத்தின் ஒரு சொல்லிலிருந்து இயற்பியல் முடிவு பிறக்காது.

ஒரு ஒலி இன்னோர் ஒலியைக் கேட்கவிடாமல் செய்வதற்கு மறைப்பு என்று பெயர். நம் காது பல வடிகட்டிகளை வரிசையாக அடுக்கிவைத்தது போன்றது. ஒவ்வொரு வடிகட்டியும் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் பகுதியைப் பிரித்துக் கேட்கிறது. எனவே ஒரு ஒலியை மிகுதியாக மறைப்பது, அதே அதிர்வெண் பகுதியைச் சேர்ந்த இன்னோர் ஒலிதான். தாழ்ந்த ஒலி உரத்திருந்தால் உயர்ந்த ஒலியையும் ஓரளவு மறைக்கும் என்பதை வெகல், லேன் என்னும் இருவர் 1924இல் காட்டினர். என்றாலும் தூரம் கூடக்கூட மறைப்பு குறையும்.

இனி மூன்று ஒலிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காற்றின் இரைச்சல் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. ஹாரனின் அடிப்படை ஒலி 400 ஹெர்ட்ஸ் அளவில் தொடங்கினாலும் அதன் மேற்சுரங்கள் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை எழுகின்றன. அதனால்தான் 90 டெசிபெல் காற்றுக்கு நடுவிலும் அதைவிட மெலிந்த ஹாரன் ஒலியை நம்மால் பிரித்துக் கேட்க முடிகிறது. பாட்டின் ஒலி எங்கே இருக்கிறது? பாடகரின் குரலும் நாதஸ்வரமும் வயலினும் வாழ்வது அதே 400 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையில்தான். காற்று விட்டுவைத்த ஒரே சன்னலைப் பாட்டு அடைத்துவிடுகிறது!

ஹாரன் கேட்டால் மட்டும் போதாது. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் தெரிய வேண்டும். வலப்பக்கத்து ஒலி வலக்காதை முதலில் அடைந்து, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான காலம் தாழ்த்தி இடக்காதை அடைகிறது. இந்தக் காலவேறுபாட்டையும் இரு காதுகளிலும் உள்ள ஒலிவேறுபாட்டையும் வைத்தே மூளை திசையை அறிகிறது என்று இராலே பிரபு 1907இல் விளக்கினார். இரு காதுகளிலும் குமிழ்களைச் செருகிவிட்டால் இந்த நுட்பமான கணக்குக் கலைந்துபோகிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் நகர்கிறது. "எந்தப் பக்கம்?" என்று அரை நொடி திகைத்தால் 8 மீட்டர் போய்விடும். ஒரு லாரியின் நீளம் அது.

இரண்டு மறுப்புகள் எழலாம். "காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்கிறார்களே?" என்பது ஒன்று. மூடிய காருக்குள் இரைச்சல் மிகக் குறைவு; அதனால் மெல்லிய பாட்டே போதும். அதோடு, கார் ஓட்டுபவரைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது. "காது கேளாதவர்களும் தேர்வில் தேறினால் உரிமம் பெறலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2011இல் வழி திறந்ததே?" என்பது மற்றொன்று. உண்மைதான். ஆனால் அவர்கள் கேளாமையை ஈடுசெய்யக் கண்ணைப் பழக்கிக்கொண்டவர்கள். கண்ணாடியை அடிக்கடி பார்ப்பார்கள். பாட்டுக் கேட்பவரோ கண்ணைப் பழக்காமலே காதை மூடிக்கொள்கிறார். போதாததற்கு அவர் கவனத்தின் ஒரு பங்கும் பாட்டோடு போய்விடுகிறது.

ஆகவே நான்காவது வாக்குறுதி தேறவில்லை.

கவசத்தைச் செதுக்காதீர்கள்

விளம்பரத்தில் சொல்லப்படாத ஒரு தீங்கும் உண்டு. ஒலிபெருக்கி பொருந்த இடம் போதவில்லை என்று தலைக்கவசத்தின் உள்ளிருக்கும் தெர்மோகோல் அடுக்கைக் கத்தியால் குடைந்து குழி செய்கிறார்கள். மோதும்போது நசுங்கி, மோதலின் ஆற்றலை வாங்கிக்கொள்வது அந்த அடுக்குதான். 2021 ஜூன் முதல் இந்தியாவில் ஐ.எஸ். 4151 தரத்துக்கு உட்பட்ட தலைக்கவசங்களையே விற்க வேண்டும் என்பது சட்டம். குடைந்த தலைக்கவசம் அந்தத் தரச் சோதனையில் தேறிய தலைக்கவசம் அன்று. குழி விழும் இடம் காதுக்கு மேல், மண்டையோடு மெல்லியதாயுள்ள பொட்டுப் பகுதியை ஒட்டியது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீங்களே செய்து பார்க்கலாம்

இதற்கு ஆய்வகம் வேண்டியதில்லை. வழக்கம்போல் பாட்டுக் கேட்டுக்கொண்டே போகிறவர், போய்ச் சேர்ந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்கட்டும். ஒலியளவை மாற்றாமல், அதே பாட்டை அமைதியான இடத்தில் ஒரு சில நொடிகள் மட்டும் கேட்கட்டும். திடுக்கிட்டுக் காதிலிருந்து கருவியைப் பிடுங்கத் தோன்றும். வழி முழுவதும் காதுக்குள் போய்க்கொண்டிருந்த ஒலி அதுதான். காற்றின் கூச்சல் அதைத் தெரியவிடாமல் மறைத்திருந்தது, குறைக்கவில்லை.

தீர்ப்பு

கம்பியில்லாத் தொடர்பு என்ற கடினமான வேலையைப் பொறியாளர்கள் அருமையாகத் தீர்த்துவிட்டார்கள். ஆனால் தீர்க்கப்பட்டது, பாட்டைக் காதுவரை கொண்டுவருவது மட்டுமே. காற்றின் கூச்சலுக்கு நடுவே, காதுக்கும் உயிருக்கும் சேதமில்லாமல் அதைக் கேட்பது தீர்க்கப்படவில்லை. முதல் வெற்றியைக் காட்டி இரண்டாவது தோல்வியை மறைப்பதே இக்கருவியின் விளம்பரம் செய்யும் பிழை.

அப்படியானால் இக்கருவியால் பயனே இல்லையா? உண்டு. தெரியாத ஊரில் "இடப்பக்கம் திரும்பவும்" என்று அவ்வப்போது ஒரு குரல் வழி சொல்வது, கைபேசியைக் குனிந்து பார்ப்பதைவிட நல்லது. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது மெல்லிய ஒலியில் கேட்பது, நெடுஞ்சாலையில் உரக்கக் கேட்பதைவிடத் தீங்கு குறைந்தது. இதற்கு ஒரு எளிய விதி போதும். வண்டி நிற்கும்போதே, எஞ்சின் அணைந்திருக்கும்போதே, பக்கத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசினால் கேட்கும் அளவுக்கு ஒலியை வைத்துக்கொள்ளுங்கள். வழியில் அதைக் கூட்டாதீர்கள். வேகத்தில் பாட்டுக் கேட்கவில்லை என்றால், அந்த வேகம் பாட்டுக் கேட்பதற்குரிய வேகம் அன்று என்று பொருள். வேகத்துக்கு ஏற்பத் தானாக ஒலியைக் கூட்டும் வசதி இருந்தால் அணைத்து வையுங்கள்.

நெடுந்தொலைவு போகிறவர்களுக்கு இயற்பியல் தரும் ஆலோசனை சற்று வியப்பானது. பாட்டைச் செருகும் காதில் நுரைத் தக்கையைச் செருகுங்கள் என்கிறது அது! தக்கை காற்றையும் ஹாரனையும் ஏறக்குறையச் சேர்ந்தே குறைக்கிறது. ஆகவே இரண்டுக்கும் உள்ள விகிதம் பெரிதாக மாறுவதில்லை. பெருங்கூச்சலில் ஹாரனைப் பிரித்தறியும் ஆற்றல் பெருமளவு அப்படியே இருக்க, காதுக்கு விழும் அடி மட்டும் குறைகிறது. பாட்டோ ஹாரனைக் குறைக்காமலே அதற்குப் போட்டியாக இன்னொரு கூச்சலைச் சேர்க்கிறது.

பாட்டுக் கேட்பது நல்ல பழக்கம். நாள் முழுதும் மிஷின் ஓசையில் உழைத்தவருக்கு அது மருந்தும்கூட. அந்த மருந்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மெல்லிய ஒலியில் உட்கொண்டால் அறுபது வயதிலும் உட்கொள்ளலாம்.